புதுச்சேரிக்கு வடக்கே கரை அளவீடு: மாணவர்கள் எதை அளக்க வேண்டும்?

#1 புவியாசிரியை

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களைப் புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பம் பக்கம் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கிடைத்திருக்கிறது. அலை அரிப்பு, அலை படிவு, கடல் ஓங்கல் (கரையோரச் செங்குத்துச் சரிவு), கடல் தூண், மணல் திட்டு எல்லாவற்றையும் படம் வரைந்து, பாகம் குறித்துப் படித்துவிட்டார்கள். எங்கள் கரையிலோ ஓங்கலும் இல்லை, தூணும் இல்லை. மைல் கணக்கில் கருங்கல் குவியல்தான் கிடக்கிறது.

பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், கையை நீட்டி "இதுதான் கடல் அரிப்பு" என்று காட்டி, புளிசாதம் கொடுத்துத் திரும்ப அழைத்து வருவதில் எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் தங்கள் கையால் எதையாவது அளக்க வேண்டும். அந்த அளவை வைத்து ஒரு கேள்விக்காவது அவர்களே பதில் சொல்ல வேண்டும். கருவி வாங்கப் பணம் கிடையாது. எதை அளக்கலாம்? எங்கே நின்று அளக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 அலைப்பதிவு

கடலோர மணல் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். உங்களுக்கு வேண்டியது இரண்டு மரச்சட்டங்களும் ஒரு கயிறும்தான். 1961இல் எமரி என்ற அமெரிக்க நிலவியலாளர் எழுதிய முறை இது. இன்றும் உலகம் முழுவதும் மாணவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரே அளவான இரண்டு சட்டங்கள். உச்சியைப் பூஜ்யமாக வைத்து மேலிருந்து கீழாகச் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். இரண்டையும் இரண்டு மீட்டர் கயிற்றால் இணையுங்கள். ஒரு மாணவி கரைப் பக்கச் சட்டத்தைப் பிடிக்கிறாள், இன்னொருத்தி கயிறு விறைக்கும்வரை கடலை நோக்கிப் போய் நிற்கிறாள். கரைப் பக்கம் நிற்பவள் முன் சட்டத்தின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்வரை கண்ணைத் தாழ்த்த வேண்டும். அப்போது அவளுடைய சட்டத்தில் கண் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் அந்த இரண்டு மீட்டருக்குள் மணல் இறங்கிய அளவு. முன்னால் மணல் மேடாக இருந்தால் தன் சட்டத்தின் உச்சியிலிருந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு முன் சட்டத்தில் எங்கே விழுகிறது என்பதை மற்றவள் விரலை நகர்த்திக் காட்டுவாள். ஏறிய அளவு அது. குறித்துக்கொண்டு, முன் சட்டம் இருந்த இடத்துக்குப் பின் சட்டத்தைக் கொண்டுவந்து, முழங்கால் தண்ணீர்வரை இப்படியே போக வேண்டும். மாலையில் வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைத்தால் கடற்கரையின் குறுக்குவெட்டு கைக்கு வந்துவிடும்.

சோழமண்டலக் கரையில் இது நன்றாக வேலை செய்யும். கிழக்கே தொடுவானம் தெளிவு. ஏற்றவற்றமும் சுமார் ஒரு மீட்டர்தான் என்பதால் நேரக்குழப்பம் குறைவு.

இன்னொன்று, கரையோர நீரோட்டம். அலை உடையும் இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எறியுங்கள். பழம் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கியே மிதக்கும், அதனால் காற்று அதைத் தள்ளாது, தண்ணீர்தான் தள்ளும். ஐந்து நிமிடத்தில் கரையோரமாக எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று குறியுங்கள். பிளாஸ்டிக் பந்து வேண்டாம்.

#3 ஓய்வுப்பொறியாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடலோரப் பணிகளில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எமரி சட்டம் நல்ல யோசனைதான். ஆனால் ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் கடல் கரையை வெட்டி, மணலைச் சற்று ஆழத்தில் திட்டாகப் போடும். மாசிக்குப் பிறகு சிற்றலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றும். டிசம்பரில் அளந்தவன் கடல் ஊரைத் தின்கிறது என்பான், மே மாதம் அளந்தவன் கரை வளர்கிறது என்பான். அளவு இரண்டும் சரியாகவே இருக்கும், முடிவுதான் பிழையாகிவிடும். மழைக்கு முன், மழைக்குப் பின், கோடையில் என்று வருடத்துக்கு மூன்று முறையாவது அதே இடத்தில் அளக்க வேண்டும்.

அதே இடம் என்பதற்கு அசையாத குறி வேண்டும். மின்கம்பம், கோயில் படி, பாலத்தின் சுவர் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்தை எடுக்காதீர்கள், அடுத்த முறை அது இருக்காது.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். கடலோரப் புல எண்களின் கிழக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று மாணவர்களைத் தரையில் தேடச் சொல்லுங்கள். சில இடங்களில் அலைக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.

#4 தந்திராயன்குப்பம்

டீச்சர், தாராளமாக வாருங்கள். எங்கள் ஊர் பிள்ளைகளும் உங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மனம் விட்டுச் சொல்கிறேன். எங்கள் கரையை அளக்காத ஆளே இல்லை. கருவியோடு வந்தார்கள், படகில் வந்தார்கள், ட்ரோன் பறக்கவிட்டார்கள். அளந்தவர்கள் யாரும் அந்த அளவை எங்களிடம் திரும்பக் கொண்டுவந்து காட்டியதில்லை.

என் அப்பா காலத்தில் கரைவலை இழுப்பதற்கு இங்கே மணல் இருந்தது. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து முப்பது நாற்பது பேர் பின்னால் நடந்துகொண்டே இழுக்க வேண்டும். அதற்கு அகலமான கரை வேண்டும். இப்போது இரண்டடி பின்னால் வைத்தால் கருங்கல். வலை கல்லில் மாட்டிக் கிழிகிறது. படகை ஏற்றிவைக்க இடமில்லாமல் பக்கத்து ஊர்க் கரையில் விடுகிறோம், அங்கே அவர்களுக்கே இடம் போதவில்லை. கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு மணலே இல்லை, தார்ச்சாலை ஓரத்தில் காயவைக்கிறார்கள்.

சோழகக் காற்றில், அதாவது தென்காற்றில், மணல் வடக்கே போகும், வாடையில் தெற்கே திரும்பும், போகிற அளவுக்குத் திரும்பாது. இதை எங்கள் பாட்டன்மார் அறிவார்கள். தெற்கே துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகுதான் இந்தக் கதி. சுவருக்கு எதிராகப் பேசுகிறவர்கள் மழைக்காலத்தில் ஓர் இரவு எங்கள் தெருவில் தங்கிப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கல் வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

#5 அலைப்பதிவு

தந்திராயன்குப்பம் அண்ணா சொன்ன காற்றுக் கணக்கைத்தான் நாங்கள் கருவி வைத்து எழுதுகிறோம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும், ஆனால் அது சில மாதங்கள்தான். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணல் தெற்குச் சுவரில் மோதி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமாகிவிட்டது, நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. இது அப்போதே தெரியாத விஷயம் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலைதான் தொடர்ந்து நடக்கவில்லை. நகரத்தைக் காக்கக் கல் சுவர் போட்டார்கள். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு போனது. அங்கே கல் போட்டார்கள், அதற்கும் வடக்கே போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்.

மேல்மடைக்காரன் வாய்க்காலை அடைத்தால் கடைமடைக்காரன் வயல் காய்வது போலத்தான் இது. ஆற்றுத் தண்ணீருக்கு நாம் இவ்வளவு வழக்காடுகிறோம், கடற்கரை மணலிலும் பங்கு இருக்கிறது என்று யாரும் வழக்காடுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் நெராங் ஆற்று முகத்துவாரத்துக்குச் சுவர் கட்டியபோது, தெற்கே ஒரு பாலம் போட்டு அதில் மணல் பம்புகளை வைத்தார்கள். சேரும் மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடகரைக்கு அனுப்புகிறது. 1986 முதல் ஓடுகிறது. கொஞ்சம் தெற்கே ட்வீட் ஆற்றில் 2001இல் இதே போன்ற இன்னொன்று தொடங்கியது. நம் துறைமுகம் எழுந்த அதே பத்தாண்டில் அவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. துறைமுகம் இருக்கும்வரை பம்பும் ஓட வேண்டும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், வேறுபாடு அவ்வளவுதான்.

#6 ஓய்வுப்பொறியாளர்

எல்லாப் பழியையும் துறைமுகத்தின் மேல் போடுவது எளிது. தரங்கம்பாடிக்குப் போய்ப் பாருங்கள். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றபோது அங்கே எந்தத் துறைமுகச் சுவர் இருந்தது? கரை எப்போதும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆற்றில் அணை கட்டினோம், மிச்சமிருந்த மணலையும் லாரியில் அள்ளிக் கட்டடமாக்கினோம். தென்பெண்ணையும் பாலாறும் கடலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மணல் இன்று எவ்வளவு? ஆறு கொடுக்காததைக் கடலிடம் கேட்டு என்ன பயன்?

சுவரைப் பற்றி ஒரு சொல். மழைக்காலத்தில் வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது மாவட்ட நிர்வாகத்தின் கையில் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை கல் கொட்டுவது மட்டும்தான். வேறிடத்து மணலைக் கொண்டுவந்து கரைக்கு ஊட்டுவதற்கு டிரெட்ஜர் என்ற தூர்வாரும் கப்பல் வேண்டும், டெண்டர் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை நிதிநிலை அறிக்கையில் யார் ஒதுக்குவார்கள்? சுவரைக் கட்டினால் ஒரு முறை செலவு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம்.

#7 வடசென்னை

அந்த ‘ஒரு முறை செலவு’ பற்றி எங்களிடம் கேளுங்கள். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன் நான். சென்னைத் துறைமுக வேலை 1870களில் தொடங்கியது. ஜார்ஜ் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் இருந்த கடல் தெற்குப் பக்கம் விலகி விலகி இன்றைய மெரினாவின் அகலம் வந்தது. 1880களில் கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது அங்கே உலாவும் சாலை போட்டார்கள். ஊரே அந்த மணலில் காற்று வாங்குகிறது. அந்த மணல் இராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் வரவேண்டியது என்று மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

வடக்கே தெருத்தெருவாகப் போயிருக்கிறது. கல் கொட்டினார்கள், கல் மணலுக்குள் இறங்கியது, மேலே மறுபடியும் கொட்டினார்கள். அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலை வாரிக்கொண்டு போகிறது. முன்னால் ஆழம் கூடுகிறது, அடுத்த அலை இன்னும் பெரிதாக வருகிறது. பிறகு தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகள், போட்டார்கள். அவற்றுக்கிடையே கொஞ்சம் மணல் நின்றதை மறுக்கவில்லை. ஆனால் கடைசி வளைவுக்கு வடக்கே உள்ளவர்கள் நிலைமை என்ன? நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே பாடம், இன்னும் படித்து முடித்தபாடில்லை.

டீச்சர், உங்கள் மாணவர்களை முடிந்தால் சென்னைக்கும் அழைத்து வாருங்கள். காலையில் மெரினாவில் சாலையிலிருந்து அலைவரை நடக்கட்டும், மாலையில் எண்ணூர் விரைவுச்சாலையில் நடக்கட்டும். எண் எதுவும் எழுதாமலே பாதி விளங்கிவிடும்.

#8 ஹல்தமிழன்

இங்கிலாந்தில் ஹல் நகரில் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் தேர்வில் எடுத்துக்காட்டாக எழுதும் கரை பக்கத்திலேயே இருக்கிறது. ஹோல்டர்னஸ் கரை, ஐரோப்பாவில் மிக வேகமாக அரிக்கப்படும் கரைகளில் ஒன்று. பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண் ஓங்கல், சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மீட்டர் போகிறது. மேப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதை ஒட்டிய சாலையையும் காக்க 1991இல் இரண்டு பெரிய கல் வளைவுகள் கட்டினார்கள். அங்கே மணல் தெற்கே நகரும். ஊர் தப்பியது. தெற்கே கவ்டன் பக்கம் அரிப்பு கூடி, பண்ணை நிலம் கடலுக்குப் போனது. தந்திராயன்குப்பத்தின் கதைதான், திசை மட்டும் வேறு.

இங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் கரை முழுவதையும் மணல் எங்கிருந்து புறப்பட்டு எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பதினொரு பெரும் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நகராட்சி எல்லை, மாவட்ட எல்லை கணக்கில் இல்லை. ஒவ்வொரு துண்டுக் கரைக்கும் நான்கில் ஒரு முடிவு எழுதப்பட்டிருக்கும்: இப்போதைய கோட்டைக் காப்பது, கடல் பக்கம் முன்னேறுவது, திட்டமிட்டுப் பின்வாங்குவது, தலையிடாமல் விடுவது. அடுத்த இருபது ஆண்டுக்கு, ஐம்பது ஆண்டுக்கு, நூறு ஆண்டுக்கு என்று தனித்தனியாக எழுதுவார்கள். மாணவர்கள் அந்த ஆவணத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஓங்கல் மேல் நின்று வாதாடுவார்கள்.

#9 தந்திராயன்குப்பம்

ஹல்தமிழன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. திட்டமிட்டுப் பின்வாங்குவது என்றால் எங்கே? எங்களுக்குப் பின்னால் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதற்கு இப்பாலும் அப்பாலும் விடுதிகள், வீட்டுமனைகள். சென்ட் விலை எங்களால் எட்டிப் பார்க்க முடியாதது. உள்ளே ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தால், விடியற்காலை மூன்று மணிக்குக் கடலின் நிறத்தைப் பார்த்து வலையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது எப்படி? படகைக் கரையில் விட்டு இரவெல்லாம் யார் காவல் இருப்பது?

இன்னொன்று. துறைமுகம் புதுச்சேரிக்குச் சொந்தம். நாங்கள் தமிழ்நாடு. மனுவை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள்.

அலைப்பதிவு தம்பி பம்பு பற்றி எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. அது வரும்வரை கல்லையும் கொடுக்காதே என்று சொன்னால் மட்டும் ஏற்கமாட்டேன்.

#10 புவியாசிரியை

உங்கள் பதிவை வகுப்பில் படித்துக் காட்டினேன், தந்திராயன்குப்பம் அண்ணா. கரைவலை பற்றிச் சொன்ன இடத்தில் இரண்டு பிள்ளைகள் எழுந்து, தங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார் என்றார்கள்.

மாணவர்கள் கேட்ட கேள்வி ஒன்று. புதுச்சேரியில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் இப்போது மணல் இருக்கிறதே, அது எப்படி வந்தது? சுவர் இல்லாமல் வந்ததா?

#11 அலைப்பதிவு

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பு அது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கரைக்குச் சற்றுத் தள்ளி, ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுப் பெட்டியைக் கடலடியில் 2018இல் இறக்கினார்கள். செயற்கைத் திட்டு. அலை அதன் மேல் உடைந்து வலுவிழந்துதான் கரைக்கு வருகிறது. அதன் நிழலில் மணல் தங்குகிறது. கூடவே துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து ஊட்டினார்கள். அந்த இரண்டாவது பகுதியை மாணவர்கள் மறக்கக்கூடாது. திட்டு இருக்கும் மணலைத் தங்கவைக்கும், புதிதாக மணலை உண்டாக்காது. தெற்கே இன்னொரு திட்டும் திட்டத்தில் இருந்தது.

ஒரு தலைமுறை கழித்து நகரத்து மக்கள் மணலில் கால் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் அங்கே தங்கும் ஒவ்வொரு லாரி மணலும் வடக்கே போய்க்கொண்டிருந்த கணக்கில் கழிக்கப்பட வேண்டும். அதனால்தான் அளவிடும் இடங்கள் குறைந்தது மூன்று வேண்டும் என்கிறேன்: வீராம்பட்டினம், காந்தி சிலை, கோட்டக்குப்பத்துக்கு வடக்கே. நகரத்தை மட்டும் அளந்தால் வெற்றிக் கதை, வடக்கை மட்டும் அளந்தால் அழிவுக் கதை.

ஒரு பின்னணிக்காக: சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டது. இந்திய நிலப்பகுதிக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வளர்கிறது. தமிழ்நாட்டில் அரிப்பு ஏறத்தாழ 43 விழுக்காடு, புதுச்சேரியில் 56 விழுக்காடு. வளரும் கரையும் இருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும். எங்கே வளர்கிறது, அங்கே தெற்கிலா வடக்கிலா என்ன கட்டியிருக்கிறார்கள் என்று கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

#12 குமரிக்கரை

கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தூண்டில் வளைவு கேட்டு நடக்காத சாலை மறியல் இல்லை. ஓர் ஊருக்குக் கிடைத்தால் அடுத்த ஊர் கேட்கும், கேட்காமல் இருக்கவும் முடியாது. ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவுக்கான மனுவை எழுதிவைத்துவிட்டுப் போகிறது.

ஆசிரியைக்கு வேறு ஒன்று சொல்ல வந்தேன். பாதுகாப்பு. காற்றே இல்லாத வெயில் நாளில் கடல் திடீரென்று ஏறும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் நெடும் அலை அது. கள்ளக்கடல் என்போம். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. போகும் நாளுக்கு முன்தினம் பார்த்துவிடுங்கள். கருங்கல் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எடுக்க முடியாது. முழங்கால் தண்ணீருக்குப் போகிறவர்களுக்கு உள்ளூர் மீனவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

#13 ஓய்வுப்பொறியாளர்

கள்ளக்கடல் எச்சரிக்கை மிகச் சரியானது.

கடற்கரை மேலாண்மை என்ற சொல்லை இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 2021இல் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினத்துக்கும் சுத்தமான கடற்கரைகளுக்கு உலக அளவில் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. கழிப்பறை, உடைமாற்றும் அறை, குப்பை அகற்றல், நீரின் தரம், உயிர்காப்பாளர் எல்லாம் தேவைதான். ஆனால் அது கடற்கரைக்கு வருகிறவர்களுக்கான ஏற்பாடு. மணலுக்கான ஏற்பாட்டுக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இல் மாறியது, 2019இல் மீண்டும் மாறியது. கரையிலிருந்து எத்தனை மீட்டருக்குள் என்ன கட்டலாம் என்பதே அதில் பெரும்பகுதி. கரை தானே நகரும்போது அந்த மீட்டர் எங்கிருந்து தொடங்கும்? கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் கல் கட்டுமானங்களில் இறங்கக்கூடாது என்ற நிலைப்பாட்டைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் எடுத்தது. அது நியாயம்தான் என்பேன். ஆனால் திட்டம் எழுதி முடிக்கும்வரை தந்திராயன்குப்பம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நெருக்கடியில் போடும் கல்லுக்கு எதிராக நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதோடு, துறைமுகம் நடத்துகிறவர்கள் ஆண்டுதோறும் வடக்கே கொட்டும் மணலின் கன அளவைப் பொதுவில் எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இன்றே கையெழுத்துப் போடுவேன்.

#14 வடசென்னை

அந்த மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக்கும் அதே வாசகம்தான் வேண்டும்.

#15 அலைப்பதிவு

இன்னொரு சிறு வேலை. சுவர் இல்லாத மணற்கரை எங்காவது மிச்சம் இருந்தால் அங்கே அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கிறதா என்று மாணவர்கள் பார்க்கட்டும். எமரி சட்டத்தில் மணல்மேடு எழும் இடமும் கொடி தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவது அந்தக் கொடியும் புல்லும்தான். பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிட ஏறுவதும் அப்படிப்பட்ட கரையில்தான், கல் சுவர் ஏறி அதனால் வர முடியாது. கொடியைக் குப்பை என்று பொக்லைனால் வாரி ‘சுத்தம்’ செய்கிற இடங்களில் மேடும் சேர்ந்து போய்விடுகிறது.

#16 தந்திராயன்குப்பம்

டீச்சர், உங்கள் குறிக்கு எங்கள் அம்மன் கோயிலின் கிழக்குப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் படி, அசையாது. பெரியவர்கள் மூன்று நான்கு பேரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பழைய ஏலக்கூடம் எங்கே இருந்தது, கரைவலை எந்த இடத்தில் கட்டினார்கள், எந்தத் தென்னை வரிசை முதலில் போனது என்று அவர்கள் கோயிலிலிருந்து அடி வைத்துக் காட்டுவார்கள். அதையும் உங்கள் பிள்ளைகள் சட்டம் வைத்த கோட்டிலேயே எழுதட்டும்.

தண்ணீருக்குள் போகிறவர்களோடு நானும் என் தம்பியும் நிற்போம். ஒரு நிபந்தனைதான். வரைந்த தாளின் நகல் ஒன்றை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒட்ட வேண்டும்.

#17 புவியாசிரியை

ஒட்டுகிறோம் அண்ணா. மூன்று பருவத்தின் தாள்களையும் ஒட்டுகிறோம்.

ஏற்பாடு இப்படி முடிவாகியிருக்கிறது. முதல் அளவீடு பொங்கல் விடுமுறை முடிந்து வரும் சனிக்கிழமை. மாணவர்கள் மூன்று குழு: ஒன்று வீராம்பட்டினம், ஒன்று காந்தி சிலை, ஒன்று தந்திராயன்குப்பம். ஒரே காலையில், ஒரே நேரத்தில். எமரி சட்டம் மூன்று ஜோடி வேண்டும். பள்ளித் தச்சு அறையில் பழைய பெஞ்சுக் கட்டையிலிருந்து இரண்டு ஜோடி அறுத்தாகிவிட்டது, கோடு போடும் வேலை நடக்கிறது. ஆரஞ்சு என் பொறுப்பு. இரண்டாம் அளவீடு மே மாதம், மூன்றாவது செப்டம்பர் கடைசியில், வாடை தொடங்குவதற்கு முன்.

மாணவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியையும் அவர்களே எழுதிவிட்டார்கள்: "வீராம்பட்டினத்தில் கூடிய மணலும் தந்திராயன்குப்பத்தில் குறைந்த மணலும் ஒரே மணலா? அதைச் சொல்ல நம்மிடம் என்ன அளவு இருக்கிறது, இன்னும் என்ன அளவு வேண்டும்?"

புதுச்சேரியில் இருப்பவர்கள் யாரிடமாவது ஒன்றரை மீட்டர் நேரான சட்டம் ஒரு ஜோடி இருந்தால் அந்த ஒரு நாளுக்கு இரவல் தாருங்கள். காந்தி சிலைக் குழுவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.